ராஜிக்குப் பெயர் விவேகம் அல்ல

விழுப்புரம் மாவட்டத்தில் ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஏதாவது நடந்துவிட்டால், காவல் நிலையத்தில் புகாரை எழுதி முடிப்பதற்குள் ஒரு சொல் வந்து நிற்கும். ராஜி. "எதுக்குப்பா வம்பு, நாளைக்கும் இதே தெருவுலதான நடக்கணும், ராஜியாப் போயிடுங்க" என்று ஊர்ப் பெரியவர் சொல்வார், கட்சிக்காரர் சொல்வார், ஸ்டேஷன் ரைட்டர் சொல்வார். சில நேரம் நம் வீட்டுப் பெரியவரே சொல்வார். அடி வாங்கியவர் கையெழுத்துப் போடுவார். அடித்தவர் பெருந்தன்மையோடு தலையாட்டுவார். இதற்கு விவேகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பெயர் காவல் நிலையத்தில் மட்டும் சூட்டப்படவில்லை. திரையரங்கிலும் சூட்டப்படுகிறது. கடந்த சில ஆண்டுகளில் சாதியைப் பேசிய தமிழ்ப் படங்களில் நாம் கண் கலங்கிப் பார்த்த காட்சிகளை எண்ணிப் பாருங்கள். பொறுத்துக்கொண்ட அப்பா, வாயை மூடிக்கொண்ட மகன், கை ஓங்காமல் திரும்பி நடந்த இளைஞன். ஒடுக்கப்பட்டவன் கோபத்தை விழுங்கும்போதுதான் அரங்கம் அவனை மனிதனாக ஏற்றுக்கொள்கிறது. அதைத்தான் முதிர்ச்சி என்றும் தீர்க்கமான முடிவு என்றும் விமர்சனங்கள் எழுதுகின்றன. தமிழ்த் திரைக்கதைகளில் சாதியைப் பற்றி ஆய்வு செய்துவரும் எனக்குத் திரும்பத் திரும்ப எழும் கேள்வி ஒன்றுதான். விவேகமாக இருக்கும் கடமை ஏன் எப்போதும் ஒரே தெருவுக்கு மட்டும் வருகிறது?

‘அசுரன்’ படத்திலிருந்து தொடங்குவோம். பூமணியின் ‘வெக்கை’ நாவலை அடிப்படையாகக் கொண்டு வெற்றிமாறன் இயக்கி, 2019 அக்டோபரில் வெளியான படம். தேசிய விருது பெற்ற படம். அதில் சிவசாமி, தன் மூத்த மகனைக் காப்பாற்ற ஊரில் ஒவ்வொருவர் காலிலும் விழுகிறார். தனுஷின் நடிப்பும் பின்னணி இசையும் சேர்ந்து அந்தக் காட்சியை ஒரு தந்தையின் தியாகமாக மாற்றிவிடுகின்றன. நாம் அழுகிறோம். அழுதுவிட்டு, பிள்ளைக்காக எதையும் தாங்கும் அப்பா என்று அவரைப் போற்றுகிறோம்.

2021 மே மாதம், திருவெண்ணெய்நல்லூர் அருகே ஒட்டனந்தல் கிராமத்தில் தலித் முதியவர்கள் மூன்று பேர் ஊர்ப் பஞ்சாயத்தின் முன் காலில் விழ வைக்கப்பட்டார்கள். ஊரடங்குக் காலத்தில் தங்கள் தெருக் கோயில் விழாவில் கச்சேரி வைத்தார்கள் என்பது அவர்கள் மேல் சொல்லப்பட்ட குற்றம். அந்தப் படம் கைபேசி கைபேசியாகப் பரவியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கும் பதிவானது. அங்கே பின்னணி இசை இல்லை. அண்மைக் காட்சி இல்லை. தரையில் கிடந்த மூன்று முதுகுகளும், சுற்றிலும் உட்கார்ந்திருந்தவர்களின் கால்களும்தான் இருந்தன.

திரையில் தியாகமாகத் தெரிந்தது தரையில் வன்கொடுமையாகத் தெரிந்ததற்குக் காரணம் என்ன? திரையில் கேமரா விழுந்தவரின் முகத்தில் நின்றது. அவர் என்ன நினைக்கிறார், எப்படி முடிவெடுக்கிறார் என்று கேட்டது. ஒட்டனந்தல் படத்தைப் பார்த்தவர்கள் வேறொன்றைக் கேட்டார்கள்: விழச் சொன்னவர்கள் யார்? அந்தக் கேள்வியை ‘அசுரன்’ கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன். கேட்கிறது. ஆனால் விடையைச் சிவசாமியின் பொறுமையிலேயே தேடிவிட்டு, முடிவில் பிள்ளைகளுக்கு ஒரு புத்திமதியோடு எழுந்து போய்விடுகிறது.

விழுப்புரத்தில் கல்லூரி மாணவர்களோடு இந்தப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் என்னை மடக்கினார். "அண்ணா, அவருக்கு வேற என்ன வழி இருந்துச்சு? மூத்தவனைக் காப்பாத்தணும். நீங்களா இருந்தா விழமாட்டீங்களா?" நேர்மையான கேள்வி. நமக்கெல்லாம் அப்பா இருக்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஊர்த் தெரு வழியாக வராதே என்று சொல்லும் அம்மா இருக்கிறார். அந்த எச்சரிக்கையைக் கோழைத்தனம் என்று சொல்ல எவருக்கும் தகுதியில்லை. அந்த எச்சரிக்கையால்தான் நம்மில் பலர் உயிரோடு பட்டம் வாங்கியிருக்கிறோம்.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். துப்பாக்கி முனையில் பணப்பையைக் கொடுப்பவர் சரியான முடிவைத்தான் எடுக்கிறார். அதற்காக அவருடைய கொடைக் குணத்தைப் பாராட்டிப் படம் எடுப்பீர்களா? நம் சினிமா அதைத்தான் செய்கிறது. வேறு வழியில்லாமல் எடுக்கப்பட்ட முடிவை அறமாக உயர்த்துகிறது. உயர்த்தியபின் அது அடுத்தவருக்கும் அளவுகோல் ஆகிவிடுகிறது. சிவசாமி பொறுத்தார், நீ ஏன் பொறுக்கவில்லை என்ற கேள்வி, படம் முடிந்த பிறகு நம் தெருவுக்கு வந்துவிடுகிறது.

அந்தப் படத்தின் இறுதிப் புத்திமதி எல்லோருக்கும் தெரியும். நிலம் இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள், பணம் இருந்தால் பறித்துக்கொள்வார்கள், படிப்பை மட்டும் எவனாலும் எடுத்துக்கொள்ள முடியாது என்கிற பொருளில் சிவசாமி மகனிடம் பேசுவார். திருமண மண்டபங்களில் கூட இந்த வசனம் ஒலிக்கிறது. படத்தின் நடுவில் பஞ்சமி நிலம் பேசப்படுகிறது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று வெள்ளையர் அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலம் அது. மற்றவர்கள் வாங்கினால் செல்லாது. செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் 1994 அக்டோபர் 10 அன்று அந்த நிலத்துக்காக நின்ற ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். இப்படி ஒரு வரலாற்றைத் தொட்டுவிட்டு, நிலம் எப்படியும் போய்விடும், ஆகவே படி என்று முடிப்பது யாருக்கு நிம்மதி தரும்? நிலத்தைப் பிடித்து வைத்திருப்பவருக்குத்தான். அவர் அரங்கில் நமக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கைதட்டலாம். அவரிடம் படம் எதையும் திருப்பிக் கேட்கவில்லை.

படிப்பு வேண்டாம் என்று சொல்ல நான் யார்? படிப்பை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். படிப்பு ஒரு கேடயம், அதை ஏந்தினால் சாதி நெருங்காது என்ற வாக்குறுதிதான் பொய். விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் 2003இல் கண்ணகியோடு சேர்த்து நஞ்சு கொடுத்துக் கொல்லப்பட்ட முருகேசன் பொறியியல் பட்டதாரி. அவர்களுக்கு நீதி கிடைக்க 18 ஆண்டுகள் ஆயின. 2021இல் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது, அதில் காவல்துறையினரும் இருந்தார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் சாதித் துன்புறுத்தலைப் பள்ளியில் சொன்ன பிளஸ் டூ மாணவனை வீடு தேடிப்போய் அரிவாளால் வெட்டினார்கள். அந்தப் பிள்ளை சிவசாமி சொன்னபடிதான் நடந்தான். படித்தான். கை ஓங்கவில்லை. முறைப்படி புகார் சொன்னான். விவேகத்தின் எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றியவனின் வீட்டுக்குத்தான் அரிவாள் வந்தது.

அரசுக்கும் ஒரு விவேகம் உண்டு. அதற்கு அமைதிப் பேச்சுவார்த்தை என்று பெயர். விழுப்புரம் அருகே மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023 ஏப்ரலில் போன தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தைகள் நடந்தன. முடிவு வரவில்லை. ஜூன் 7 அன்று அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். அரசமைப்புச் சட்டம் தீண்டாமையை ஒழித்து 70 ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆலய நுழைவுக்குச் சட்டமும் இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்துவதை விடக் கதவைப் பூட்டுவது புத்திசாலித்தனமாகப் பட்டது. 2024 மார்ச்சில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி பூசைக்காக மட்டும் கதவு திறந்தது. 2025 ஏப்ரலில்தான் தலித் மக்கள் காவல் பாதுகாப்போடு உள்ளே போய் வழிபட்டார்கள். இரண்டு ஆண்டுகள். இந்த இரண்டு ஆண்டுகளில் பொறுத்திருந்தவர்கள் யார், பொறுமை இழந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் யார் என்று செய்திகளைப் புரட்டிப் பாருங்கள்.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. 1963இல் அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் மார்ட்டின் லூதர் கிங் போராட்டம் நடத்தியபோது, எட்டு வெள்ளை மதகுருமார்கள் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார்கள். தெருவுக்கு வருவது விவேகமல்ல, காலமும் சரியில்லை, நீதிமன்றத்தில் பேசிக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். கிங் சிறையிலிருந்து பதில் எழுதினார். அந்தப் பதில் இன்று உலகமெங்கும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. காத்திரு என்று மிதவாதி சொல்லும் சொல்லுக்கு, ஒருபோதும் நடக்காது என்றுதான் பெரும்பாலும் பொருள் என்பதை அவர் விளக்கினார். எட்டுப் பேரின் விவேகம் அந்தப் பதிலால் மட்டுமே நினைவில் இருக்கிறது.

இனி மறுபக்கம். ஆதிக்கச் சாதியைப் பார்த்து, நீங்கள் விவேகமாக நடந்துகொள்ளுங்கள் என்று சொன்ன தமிழ்ப் படம் எது? பலரும் ‘தேவர் மகன்’ என்பார்கள். 1992இல் வந்த அந்தப் படத்தில் நாயகன் தன் மக்களைப் பார்த்து, அரிவாளைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்பார். நல்ல புத்திமதிதான். ஆனால் அந்தச் சண்டை ஒரே குடும்பத்துப் பங்காளிச் சண்டை. அரிவாள் சேரிப் பக்கம் திரும்பும்போது என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அந்தப் படத்தில் ஒரு வரி கிடையாது. புத்திமதி ஒரு காட்சியில் முடிந்துவிட்டது. சாதிப் பெருமிதமோ முப்பது ஆண்டுகளாக ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் படத்தில் வடிவேலு நடித்த இசக்கிதான் தன் ‘மாமன்ன’னுக்குத் தொடக்கம் என்று மாரி செல்வராஜ் 2023இல் மேடையிலேயே சொன்னார்.

ஆதிக்கச் சாதிப் பெண்களிடம் மட்டும் விவேகம் கண்டிப்பாக எதிர்பார்க்கப்படுகிறது. 2020இல் வந்த ‘திரௌபதி’ போன்ற படங்களின் மொத்தச் செய்தியும் எச்சரிக்கைதான்: காதல் என்று வருபவன் நாடகமாடுகிறான், பெண்ணே, ஏமாறாதே. இங்கே விவேகம் என்றால் யாரைக் காதலிக்கக் கூடாது என்ற பட்டியலைத் தெரிந்துவைத்திருப்பது. கண்ணகி அந்தப் பட்டியலை மதிக்கவில்லை. முருகேசனோடு அவரையும் கொன்றவர்கள் குடும்ப மானம் காக்கும் தீர்க்கமான முடிவை எடுத்ததாகத்தான் நினைத்திருப்பார்கள். நஞ்சை ஊற்றுவதற்கு முன்னும் ஊரில் யோசனை நடந்திருக்கும். விவேகம் என்ற சொல்லை அதன் எஜமானர்களிடமிருந்து பிரிக்காமல் புகழ்வதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

‘மாமன்னன்’ இந்த இடத்தில் ஒரு படி மேலே போகிறது. சிறுவர்கள் கோயில் கிணற்றில் குளித்ததற்காகக் கல்லெறிந்து கொல்லப்படுகிறார்கள். மாமன்னன் நீதி கேட்கிறார். அமைதி காக்க வேண்டும், கட்சி முக்கியம் என்று மேலிடம் அடக்குகிறது. அவர் அடங்குகிறார். நண்பர்களைப் பறிகொடுத்த மகன் ஆண்டுக்கணக்கில் அப்பாவோடு பேசுவதில்லை. அந்த மௌனம்தான் படத்தின் மனசாட்சி. அப்பா சட்டமன்ற உறுப்பினர் ஆகிறார். ஆனாலும் ரத்னவேலுவின் முன் உட்காருவதில்லை. தமிழ் சினிமாவில் முதன்முறையாக, பொறுத்துப்போன ஒரு தலித் தந்தையைப் பார்த்து, நீ பொறுத்ததற்கு நான் என்ன விலை கொடுத்தேன் தெரியுமா என்று ஒரு மகன் கேட்கிறான்.

இந்தக் காட்சி நம் மாவட்டத்துக்கு அந்நியமானதல்ல. விழுப்புரம் தனி நாடாளுமன்றத் தொகுதி. திண்டிவனம் தனிச் சட்டமன்றத் தொகுதி. 2011 கணக்கெடுப்பின்படி, கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முன்பிருந்த விழுப்புரம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 29 விழுக்காடு. அதாவது தனித் தொகுதியிலும் வெற்றியை முடிவு செய்வது மற்றவர்களின் வாக்கு. 1932இல் பூனா ஒப்பந்தம் இரட்டை வாக்குரிமையைப் பறித்தபோது அம்பேத்கர் அஞ்சியது இதைத்தான். தன் மக்களுக்காக உரக்கப் பேசுகிற வேட்பாளருக்குச் சீட்டே கிடைக்காது. பேசாமலிருக்கத் தெரிந்தவருக்குக் கிடைக்கும். பிறகு அந்தப் பேசாமையைப் பக்குவம் என்று பத்திரிகைகள் எழுதும். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவராகத் தேர்வான பெண் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்த படம் 2020இல் வெளியானபோது நாடே அதிர்ந்தது. அந்தப் பெண்ணிடம் யாரோ ஒருவர் நிச்சயம் சொல்லியிருப்பார், அனுசரிச்சுப் போம்மா என்று. அனுசரிப்பு ஒருவரின் குணத்திலிருந்து வருவதில்லை. நாற்காலிக்கு மேலே இருக்கும் அமைப்பு அதைக் கேட்டு வாங்குகிறது.

அப்படியானால் விவேகமே வேண்டாமா? கண்ணை மூடிக்கொண்டு பாய்வதுதான் போராட்டமா? இல்லை. நம் வரலாற்றில் மிகச் சிறந்த விவேகத்தைக் காட்டியவர் அண்ணல் அம்பேத்கர்தான். அது எப்படிப்பட்ட விவேகம் என்று பாருங்கள்.

1927 மார்ச் 20 அன்று மகாட் நகரின் சவதார் குளத்தில் அவர் தலைமையில் மக்கள் தண்ணீர் குடித்தார்கள். தாக்கப்பட்டார்கள். டிசம்பரில் மீண்டும் குடிப்பது என்று அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள், சிறை செல்லத் தயார் என்று பெயர் கொடுத்தார்கள். டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. ஆனால் அதற்குள் உள்ளூர் ஆதிக்கச் சாதியினர் அந்தக் குளம் தனியார் சொத்து என்று சொல்லி நீதிமன்றத்தில் தடை வாங்கியிருந்தார்கள். போவதா, நிற்பதா? மாநாட்டில் விவாதம் நடந்தது. பலர் போகத்தான் வேண்டும் என்றார்கள். கடைசியில் அம்பேத்கர் சத்தியாகிரகத்தைத் தள்ளிவைக்கும்படி கேட்டுக்கொண்டார், மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். தண்ணீரைத் தொடாமல் குளத்தைச் சுற்றி ஊர்வலமாகப் போய்த் திரும்பினார்கள். பிறகு பத்தாண்டுகள் வழக்கு நடந்தது. 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள்.

அன்றைக்கு அவர் பின்வாங்கினார் என்று சொல்பவர்கள் உண்டு. இதற்கும் ராஜிக்கும் உள்ள வேறுபாட்டை மூன்று கேள்விகளில் பார்த்துவிடலாம். முடிவை எடுத்தது யார்? பாதிக்கப்பட்ட மக்கள், தங்கள் மாநாட்டில், தங்களுக்குள் வாதாடி எடுத்தார்கள். எதிராளி எழுதிக் கொண்டுவந்த தாளில் கையெழுத்துப் போடவில்லை. விலை கொடுத்தது யார்? காத்திருந்த காலத்தில் எதிர்த் தரப்பும் நீதிமன்றத்தில் வந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. கோரிக்கை என்ன ஆனது? ஒரு துளிகூடக் குறையவில்லை. குளம் எங்களுக்கும் சொந்தம் என்ற சொல் அப்படியே நின்றது. இந்த மூன்றுக்கும் சரியான விடை இருந்தால் அது விவேகம். இல்லாவிட்டால் அது அச்சம். அச்சப்படுவது குற்றமல்ல, அச்சத்துக்குக் கிரீடம் சூட்டுவதுதான் குற்றம்.

இதே போன்ற ஒரு கணத்தை ஏவா டுவெர்னே 2014இல் ‘செல்மா’ என்று படமாக எடுத்தார். 1965 மார்ச் 9 அன்று வாக்குரிமை கேட்டு மக்களோடு பாலத்துக்கு வந்த கிங், மண்டியிட்டு வேண்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார். இரண்டு நாள் முன்புதான் அதே பாலத்தில் மண்டை உடைந்திருந்தது. நீதிமன்றத் தடையும் இருந்தது. படம் அவரை மகானாக்கி வணங்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் அறைகளுக்குள் நடக்கும் சண்டைகளைக் காட்டுகிறது. இளைஞர் அமைப்பினர் அவரைக் கேள்வி கேட்கிறார்கள், கோபப்படுகிறார்கள். நீதிமன்ற அனுமதியோடு அதே மாதம் 21ஆம் தேதி மக்கள் மாண்ட்கோமரிக்கு நடந்தார்கள். ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. திரும்பி நடந்தது அடுத்த அடிக்காக என்பது பார்வையாளருக்குப் புரிகிறது. மகாட் டிசம்பரில் இதைவிடப் பெரிய நாடகம் இருக்கிறது. தமிழில் அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

நம் படங்களில் இந்த விவேகம் அறவே இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. ‘காலா’வில் தாராவி மக்கள் வேலைக்குப் போகாமல் நிற்கிறார்கள், நகரம் திணறுகிறது. அது கூடி எடுத்த முடிவு. ‘பரியேறும் பெருமாள்’ படத்தின் இறுதியில் பரியன் திருப்பி அடித்துவிட்டு, அதன் பிறகே பேசுகிறான். ஜோவின் அப்பாவோ, பார்க்கலாம், நாளைக்கு என்ன வேண்டுமானாலும் மாறலாம் என்று தவணை கேட்கிறார். இரண்டு தேநீர்க் குவளைகள் நடுவில் ஒரு பூவோடு நிற்கின்றன. அந்தக் குவளைகளைச் சமரசம் என்று படித்தவர்கள் பலர். கடன் பாக்கி என்றுதான் நான் படிக்கிறேன். 2018இல் தவணை கேட்டவர் இன்னும் கட்டவில்லை. அதனால்தான் அதே இயக்குநர் 2021இல் ‘கர்ணன்’ எடுக்க வேண்டியிருந்தது. வேலை கிடைத்துவிட்டது, போய்ப் பிழைத்துக்கொள் என்று ஊரே சேர்ந்து வழியனுப்பிய ஒருவனை, அந்த விவேகத்தை உதறிவிட்டுத் திரும்பி வரச் செய்ய வேண்டியிருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த முடிவு ‘ஜெய் பீம்’ படத்தில் இருக்கிறது. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் கொல்லப்பட்ட ராசாகண்ணுவின் வழக்கை வைத்து எடுக்கப்பட்ட படம். உண்மையில் அவர் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். படம் இருளராகக் காட்டியது. அந்த மாற்றம் குறித்த விமர்சனம் நியாயமானது. முடிவெடுக்கும் இடத்தையெல்லாம் வழக்கறிஞரே எடுத்துக்கொள்கிறார் என்பதும் உண்மைதான். ஆனாலும் ஒரு காட்சியில் காவல்துறையின் உயர் அதிகாரி செங்கேணியை அழைத்து, பணம் வாங்கிக்கொண்டு வழக்கை விட்டுவிடச் சொல்கிறார். கையில் குழந்தை, வயிற்றில் இன்னொன்று, வீட்டில் அரிசி இல்லை. ராஜிக்குத் தேவையான எல்லாக் காரணங்களும் அங்கே இருக்கின்றன. அவள் மறுக்கிறாள். கணவனைக் கொன்றவர்களின் காசில் பிள்ளை வளர்த்தேன் என்று நாளைக்கு எப்படிச் சொல்வது என்று கேட்கிறாள். ஆவேசமாகக் கத்தவில்லை. நாளையைக் கணக்கில் வைத்து இன்று முடிவெடுக்கிறாள். விவேகத்துக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியாது.

அந்தப் படம் வந்தபோது என்ன நடந்தது என்பதையும் மறக்க வேண்டாம். சுவரில் தொங்கிய ஒரு நாட்காட்டியை வைத்துப் பெரும் சச்சரவு எழுந்தது. ஐந்து கோடி கேட்டு நோட்டீஸ் போனது. நாட்காட்டி மாற்றப்பட்டது, இயக்குநர் வருத்தம் தெரிவித்தார். படைப்பாளியே ராஜிக்கு வந்தாக வேண்டும் என்ற நிலை. நம் வடமாவட்டக் கதைகள் ஏன் திரைக்கு வருவதில்லை என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் தலித் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். 2013 ஏப்ரலில் மரக்காணத்தில் வீடுகள் எரிந்தன. எந்தப் பெரிய தயாரிப்பாளரும் அந்தப் பக்கம் வரவில்லை. வராமலிருப்பதற்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர் விவேகம்தான்.

திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத் தோழர்களும் பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலையைப் பாருங்கள். திருட்டு வழக்கு போட ஆள் கிடைக்காதபோதெல்லாம் இருளர் குடிசைக்கு ஜீப் போகும் மாவட்டம் இது. அங்கே ஒரு குடும்பம் புகார் கொடுக்க முடிவு செய்வது எத்தனை பெரிய நாடகம்! யார் சாட்சி சொல்வது, அதுவரை எங்கே தங்குவது, செங்கல் சூளை முதலாளி முன்பணத்தைக் கேட்டால் என்ன செய்வது, எதிர்ப் புகார் கொடுத்தால் எப்படிச் சமாளிப்பது, சாதிச் சான்றிதழ் இருக்கிறதா, இல்லையென்றால் வன்கொடுமைச் சட்டம் எப்படிப் பொருந்தும்? ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். அங்கே நாயகன் ஒருவர் கிடையாது. மனு எழுதுபவர், துணைக்குப் போகிறவர், வாய்தாவுக்கு வாய்தா நினைவூட்டுகிறவர் என்று பத்துப் பேரின் அறிவு சேர்ந்துதான் ஒரு எஃப்.ஐ.ஆர். பதிவாகிறது. தமிழ் சினிமா தேடாத விவேகம் இது. இதில் சண்டைக் காட்சி இல்லை, கண்ணீரும் குறைவு. ஆனால் இதில்தான் மனிதர்கள் உண்மையிலேயே முடிவெடுக்கிறார்கள்.

இளைய தோழர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, படங்களைப் பற்றி எழுதும்போதும் பேசும்போதும் நாயகன் எப்படி நடந்துகொண்டான் என்பதோடு நிறுத்தாதீர்கள். அவனுக்கு இரண்டே வழியை மட்டும் விட்டுவைத்தவர்கள் யார், அவர்களிடம் படம் என்ன கேட்டது என்று கேளுங்கள். ஆதிக்கச் சாதி வீட்டு மகன் ஒருவன், ஊர்க்கூட்டத்தில் எழுந்து, இதை நாம் செய்யக் கூடாது என்று சொல்லி, அதற்கான விலையைத் தன் வீட்டிலேயே கொடுப்பதைப் படமாக எடுக்கச் சொல்லுங்கள். அதுதான் இன்னும் எடுக்கப்படாத விவேகத்தின் படம்.

இரண்டாவது, நாளைக்கு உங்கள் தெருவில் ஒருவர் அந்தத் தாளோடு வருவார். எதுக்குப்பா வம்பு என்பார். உடனே முறைக்கவும் வேண்டாம், உடனே கையெழுத்துப் போடவும் வேண்டாம். தாளை வாங்கி, தெருவில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படியுங்கள். முடிவெடுப்பது யார், விலை கொடுப்பது யார், நம் கோரிக்கை இதில் எந்த வரியில் இருக்கிறது என்று கேளுங்கள். அந்த வரி இல்லையென்றால், தாளை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புகாரை எழுதுங்கள்.